முதல்ல நீங்க பாருங்க

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்கவில்லை, அதுதான் காரணம். கேட்காமல் ஒன்றை எடுத்தால் அவர் கோபப்பட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யார் குடுத்தது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தோற்றவன் நான். இந்த வயதில் மறுபடியும் தோற்க முடியாது. கடைத்தெருவே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் நான் அச்சகம் வைத்திருந்தேன். சின்ன ஆப்செட் மிஷின் ஒன்று, என் வாய் ஒன்று, இரண்டுதான் மூலதனம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, ஆடிக் கிருத்திகை வந்தால் அன்னதான நோட்டீஸ். எழுத்தைக் கோர்த்து பட்டர் பேப்பரில் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அதை வைத்து நான் பிளேட் போட்டு அடிப்பேன். அந்த ஆள், இரண்டு கடை தள்ளி இருந்த சாமி.

அவருடையது மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் நாலு பேர் மாதங்களைப் பங்கு போட்டிருந்தார்கள். தன் முறை வரும்போது விடியலில் மலையேறி அடுப்பு மூட்டுவார். மற்ற மாதங்களில் கம்ப்யூட்டர். வீட்டில் ஒரு தமிழ், கடையில் எங்கள் தமிழ் என்று இரண்டு தமிழ் வைத்திருந்தார். அம்மா வழியில் தெலுங்கும் சுத்தமாகப் படிப்பார், எழுதுவார். எனக்குத் தெலுங்கு பேச வரும், திட்ட நன்றாக வரும், படிக்க மட்டும் வராது.

மடப்பள்ளியில் ஒரு விதி உண்டு. சாமிக்குப் படைக்கிறவரை சமைத்ததை வாயில் வைக்கக் கூடாது. உப்புப் பார்க்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. கை அளவுதான் கணக்கு. படைத்து முடிந்து, பிரசாதமாகக் கையில் வந்த பிறகுதான் சமைத்தவனுக்கே ருசி தெரியும். மற்றவர்கள் இந்த விதியை மலையிலேயே வைத்துவிட்டு இறங்குவார்கள். இவர் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். எங்களுடைய எல்லாச் சண்டைக்கும் அதுதான் மூலம்.

முதல் சண்டை ஒரு சிடியால் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. டிடிபி கடை என்றால் விண்டோஸ் இருக்க வேண்டும், பக்கம் கோர்க்கப் பேஜ்மேக்கர் இருக்க வேண்டும், தமிழ் எழுத்துக்கு ஒரு பேக்கேஜ் இருக்க வேண்டும். மூன்றையும் முறையாக வாங்கினால் என் அச்சகத்தை மிஷினோடு விற்றாலும் போதாது. ஆனால் சென்னையில் ரிச்சி தெருவில் மூன்றும் ஒரே சிடியில், ஒரு ஓட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைத்தன. அரக்கோணத்திலிருந்து திருப்பதி வரை எல்லாக் கடையும் அந்த மாதிரி சிடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆசையாக ஒன்று வாங்கி வந்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"யார் குடுத்தது?"

"கடைக்காரன் குடுத்தான்."

"அவனுக்கு யார் குடுத்தது?"

"சாமி, ஊரே இதுலதான் ஓடிகினு இருக்குது. உங்களுக்கு இன்னா வந்துச்சி?"

"செஞ்சவன் குடுக்கல இல்ல? குடுக்காதத நான் வாயில வெக்க மாட்டேங்க, பிரஸ்காரரே."

சிடியைத் தொடக்கூட இல்லை. வாயில் வைக்கச் சொல்லவில்லை, கம்ப்யூட்டரில்தான் வைக்கச் சொன்னேன் என்று கத்திவிட்டு வந்தேன். அது பல நாள் என் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

பிறகு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு, விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிற லினக்ஸ் சிடி இலவசமாக வந்தது. உள்ளே ஒரு தாளில், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். "இது குடுத்தது" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், படி அரிசி கேட்ட இடத்தில் மூட்டை கிடைத்தவர் முகம்.

மூட்டை கிடைத்தது சரி, அதில் பாதிப் பொருள் இல்லை. பக்கம் கோர்க்க ஒன்றும் இல்லை. தமிழில் தட்ட வழி இல்லை. ஸ்கேனர் அசையவே இல்லை. பிரிண்டர் மனசு வந்தால் கேட்கும். போதாததற்கு அவருடைய கம்ப்யூட்டர் யாரோ ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கியது. அதில் படம் காட்டுகிற திரையெல்லாம் ஓடாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான் வரும்.

மளிகைச் சாமான் எழுதுகிற மாதிரி சுவரில் சாக்பீஸால் மூன்று பத்தி போட்டார். விண்டோஸ் பத்தியில் எழுத்து, பக்கம், படம், பிரிண்டர் எல்லாம் இருந்தது. கீழே 'குடுக்கல' என்று முடித்திருந்தார். லினக்ஸ் பத்தியில் 'எழுத்து இல்ல, பக்கம் இல்ல, பிரிண்டர் பாதி'. கீழே 'குடுத்தாச்சி'. ஆப்பிள் மேக் பத்தியில் ஒரே வார்த்தை: 'பாத்ததில்ல'. வருகிறவர்கள் எல்லாம் அது ஏதோ சீட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இல்லாததை அவர் நிரப்பிய விதம்தான் எனக்கு இன்றும் ஆச்சரியம். கேட்டே நிரப்பினார். தமிழ் எழுத்துரு செய்த ஒருவருடைய விலாசத்தைத் தேடிப் பிடித்து, 'நான் சின்னக் கடைக்காரன், என் கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கேஜ் ஓடாது, எழுத்தை மட்டும் கொடுப்பீர்களா' என்று போஸ்ட் கார்டு போட்டார். நான் சிரித்தேன். மூன்றாம் வாரம் ஒரு ஃபிளாப்பி வந்தது, கூடவே நாலு வரி கடிதம். தெலுங்கு எழுத்துக்குத் திருப்பதிக்கு பஸ் ஏறிப் போய், அதைச் செய்தவர் வீட்டு வாசலில் நின்று கேட்டு வாங்கி வந்தார்.

"கேட்டா குடுக்கறாங்க. நீங்க கேக்கறதே இல்ல" என்றார் என்னிடம். நான் டீ டம்ளரை நகர்த்தி அந்தச் சிடியை மறைத்தேன்.

எழுத்து வந்தாலும் திரையில் தமிழ் தெரியாது. 'அ' போட்டால் தலையில் கொம்பு வைத்த ஏதோ ஒரு குறி தெரியும். எந்தக் குறி எந்த எழுத்து என்று மொத்தமும் மனப்பாடம் செய்துகொண்டார். எங்கே எந்த வரி, எவ்வளவு பெரிசு என்பதையும் எண்களாகவே எழுதினார். ஒரு பக்கம் அச்சாகிப் பிரிண்டர் வழியாக வருகிறவரை அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது. வேறு யாராவது என்றால் பைத்தியம் பிடித்திருக்கும். அவருக்கோ இது பழகின அடுப்படி.

கல்யாணப் பத்திரிகை என்றால் உச்சியில் பிள்ளையார் வேண்டும். ஸ்கேனர் ஓடாததால் பிள்ளையாரையும் எண்களாலேயே வரைந்தார். இங்கிருந்து அங்கே ஒரு வளைவு, அங்கிருந்து ஒரு வயிறு. நாலு நாள் ஆனது. வந்த பிள்ளையாருக்குத் தும்பிக்கை வலது பக்கம் திரும்பியிருந்தது. ஏதோ ஒரு எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. போச்சுடா என்று நான் தலையில் கைவைத்தேன். வாடிக்கையாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "வலம்புரிப் பிள்ளையாரு! வேற எங்கயும் இப்படிப் போட்டுத் தர மாட்டாங்க." அதற்குப் பிறகு வலம்புரிக்காகவே, பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளியிருக்கிற கனகம்மாசத்திரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். சாமி அந்தக் கழித்தல் குறியைக் கடைசிவரை போடவில்லை.

ஆனால் எனக்கு எரிச்சல் மூட்டியது இது எதுவும் இல்லை. பக்கம் அச்சாகி வெளியே வருமில்லையா, அப்போதும் அவர் பார்க்க மாட்டார். தாளை அப்படியே கவிழ்த்து எடுத்து, வாடிக்கையாளர் பக்கம் நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முதல்ல நீங்க பாருங்க" என்பார். அவர்கள் பார்த்துத் தப்புச் சொன்னால் திருத்துவார். சரி என்றால் சரி.

"பொருள் அவங்களுது. அவங்க வூட்டுக் கல்யாணம். அவங்க பாக்கறதுக்கு முன்ன நான் பாத்தா எச்சில் பண்ண மாதிரி இல்ல?"

"புரூஃப் பாக்கறது எச்சிலா? எந்த ஊர்ல சாமி?"

"என் ஊர்ல."

அவர் வேலையில் தப்பு அநேகமாக இருக்காது. அதனால் கொஞ்ச நாளில் நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அப்போதுதான் என் தங்கை கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை நகரிக்காரர். ரோடு ஒன்றுதான், அரை மணி நேரப் பயணம், ஆனால் அந்தப் பக்கம் ஆந்திரா. சம்பந்தி வீட்டில் தமிழ் எல்லாருக்கும் புரியும், படிக்கத் தெலுங்குதான். ஆகவே பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. கல்யாணம் திருத்தணியில், மலையடிவாரத்து மண்டபத்தில். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. இந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் வரக் கூடாது என்பதில் நான் பேய் பிடித்தவன் மாதிரி இருந்தேன்.

சாமி அடித்துக் கொடுத்தார். வழக்கம்போலக் கவிழ்த்து நீட்டினார். "தெலுங்கு படிக்கிற ஆள் ஒருத்தரைக் கூட்டினு வந்து காட்டுங்க. முக்கியமா மாப்பிள்ளை வூட்டாருங்க."

"ஆங், காட்டறேன்."

காட்டவில்லை. நகரிக்கும் திருத்தணிக்கும் யார் அலைவது? மறுநாள் போய், "எல்லாம் பாத்தாச்சி, பிரமாதம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு பிளேட் போட்டேன். கட்டுக் கட்டாக நகரிக்கு அனுப்பினேன். சம்பந்தி பார்த்தார்தான். பெரியவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்திருக்கிறதா, மூத்தவர் பெயருக்கு மேல் இளையவர் பெயர் ஏறிவிட்டதா, சண்டை வருகிற இடங்களை மட்டும் பார்த்தார். மண்டபத்தை யார் படிப்பார்கள்? அவருக்குத்தான் மண்டபம் எது என்று தெரியுமே.

ஊரெல்லாம் பத்திரிகை வைத்தேன். சாமிக்கு வைக்கவில்லை. நம்ம ஆள்தானே, அவரே செய்த பத்திரிகைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அம்மா திட்டிய பிறகுதான் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு அவர் கடைக்குப் போனேன்.

எழுந்து நின்று, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். உட்கார்ந்தார். படிக்க ஆரம்பித்தார். கொடுத்தாயிற்று, இனிமேல் படிக்கலாம். தமிழ்ப் பக்கத்தை நிதானமாகப் படித்துச் சிரித்தார். திருப்பினார். தெலுங்குப் பக்கத்தின் அடியில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார்.

"பிரஸ்காரரே, தெலுங்கு பாத்தது யாரு?"

நான் சுவரிலிருந்த சாக்பீஸ் பத்தியைப் படிக்க ஆரம்பித்தேன்.

"மண்டபம் தப்பா வந்துருக்குது. கனகம்மாசத்திரத்து மண்டபம்."

மசாலாவை டப்பா டப்பாவாக வைத்திருப்பது போல, ஒவ்வொரு மண்டபத்து விலாசத்தையும் தனித்தனியாக எழுதி எண் போட்டு வைத்திருந்தார். தமிழ்ப் பக்கத்துக்குச் சரியான டப்பா, தெலுங்குக்குப் பக்கத்து டப்பா. திரையிலோ இரண்டும் ஒரே கொம்பு வைத்த குறிகள். பத்து நாளைக்கு முன்னால் அவர் கையில் ஒரு பத்திரிகை கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், வேண்டிய மட்டும்.

சம்பந்திக்கு போன் போட்டேன். முதலில் அவர் திட்டிய தெலுங்கு முழுவதும் எனக்குப் புரிந்தது. பிறகு அவரே ஆள் விட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொன்னார். வேனில் வருகிறவர்கள் சரியாக வந்துவிடுவார்கள். பஸ்ஸில் தனித்தனியாக வருகிறவர்கள்தான் பிரச்சினை. அதிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன். மகளைப் பார்க்கச் சத்தியவேடு போயிருந்தவர், அங்கிருந்து நேராகக் கல்யாணத்துக்கு வருகிறார். அவர் வருகிற வழியில் கனகம்மாசத்திரம்தான் முதலில் வரும். போன் கிடையாது. அவர் இல்லாமல் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையின் அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்.

"நான் போறேன்" என்றார் சாமி. "என் கை பண்ணது."

முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் கனகம்மாசத்திரத்து மண்டப வாசலில் நின்றுவிட்டார். அங்கே அன்றைக்கு வேறொரு கல்யாணம். பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, டிபன் சாப்பிடுங்க என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். "எனக்குப் பத்திரிகை வெக்கலீங்க" என்று சொல்லி வாசலிலேயே நின்றிருக்கிறார். வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் தெலுங்கில் "மீரு நகரிவாள்ளா?", நகரிக்காரங்களா என்று கேட்டு, பன்னிரண்டு பேரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். தாய்மாமனைக் காணோம்.

எட்டேமுக்காலுக்கு ஏதோ தோன்றி உள்ளே பந்தியை எட்டிப் பார்த்திருக்கிறார். கடைசி வரிசையில், மீசை வைத்த பெரியவர் ஒருவர் பொங்கலுக்கு இரண்டாம் தடவை நெய் கேட்டுக்கொண்டிருந்தார். போய்க் குனிந்து காதில் கேட்டார். "அவுனு" என்றார் பெரியவர். மாமன்தான். ஆறரை மணிக்கே வந்து இறங்கி, தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் படவில்லையே என்று உள்ளேயே ரொம்ப நேரம் தேடிவிட்டு, கடைசியில் பந்தியில் உட்கார்ந்துவிட்டிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கையைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். சாப்பிடுகிறவரை இலையிலிருந்து எழுப்புவதா? சாமி பக்கத்தில் நின்றார். பொங்கல் முடிந்து வடை வந்தது. வடை முடிந்து கேசரி வந்தது. நின்றார்.

இங்கே மண்டபத்தில் ஒன்பதரை ஆயிற்று, ஒன்பதே முக்கால் ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தங்கை உள் அறையில் அலங்காரத்தோடு அழுதாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாமியின் பிடிவாதத்தை நான் சபித்தேன், பிறகு என் சோம்பேறித்தனத்தைச் சபித்தேன். புரோகிதர் கடிகாரத்தைப் பார்ப்பதையும் என்னைப் பார்ப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தார்.

பத்து மணிக்கு இரண்டு ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. முதலாவதிலிருந்து தாய்மாமன் ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கினார். ஓடி வந்த மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து, தன் தங்கை அழுகிறாளே என்று பதறி, "பொங்கல் பாகுந்தி, ரொம்ப நல்லா செஞ்சிருந்தீங்க" என்று என்னைப் பாராட்டினார். பத்தேகாலுக்குத் தாலி ஏறியது. சாமி கடைசியாக இறங்கி, பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அட்சதை போட்டார். அவர் அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து முதல் பந்தியில் உட்கார வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, புகை கண்ணில் பட்டது என்று யாரிடமும் பொய் சொல்லவும் தோன்றவில்லை.

அதற்கப்புறமாவது மாறுவார் என்று நினைத்தேன். மாறினார், அவர் வழியில். கடையில் ஒரு நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு வந்தன. இரண்டு மொழிப் பத்திரிகை என்றால் இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பேப்பர் கைக்கு வராது. என்னை மட்டும் நம்பவே இல்லை. என் சம்பந்திதான் பல வியாழக்கிழமைகளில் நகரியிலிருந்து வந்து அந்தத் தெலுங்கு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் திட்டுவதற்காக வந்தவர்.

சில வருஷம் கழித்து, சாக்பீஸ் பத்தியில் 'இல்ல' எல்லாம் ஒவ்வொன்றாக அழிந்தது. திரையிலேயே தமிழ், திரையிலேயே தெலுங்கு, பக்கம் கோர்க்க, படம் போட எல்லாவற்றுக்கும் இலவசமாகவே மென்பொருள் வந்துவிட்டது. நல்ல கம்ப்யூட்டராகவும் ஒன்று வாங்கினார். இனிமேல் தட்டத் தட்டக் கண்ணெதிரே பக்கம் தெரியும். "அப்பாடா, இனிமேலாவது கண்ணைத் தொறந்து வேல செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால், மானிட்டரை அப்படியே திருப்பி வாடிக்கையாளர் நாற்காலிகளைப் பார்க்க வைத்துவிட்டு, அதன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியுதுங்களா? முதல்ல நீங்க பாருங்க."

கடைசியாக என் தங்கை மகளுக்கு மலையில் காதுகுத்து, அடிவாரத்து மண்டபத்தில் விருந்து. தமிழ் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம். நானும் சம்பந்தியும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் பார்த்தோம். மண்டபத்தை நான் விரல் வைத்து மூன்று தடவை கேட்டேன். அன்றைக்கே அடித்தேன். மை காய்ந்ததும் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மலையேறி முருகன் காலடியில் வைத்தேன். இரண்டாவதைத் தட்டில் வைத்து, இறங்கின வேகத்தில் நேராக அவர் கடைக்குப் போனேன். அம்மாவுக்குக்கூட இன்னும் காட்டவில்லை.

"மலைக்கு ஒண்ணு வெச்சிட்டேன். அடுத்தது உங்களுக்குத்தான் சாமி. குடுத்தாச்சி, பாருங்க."

எழுந்து துண்டை இடுப்பில் கட்டி வாங்கினார். தமிழ்ப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். திருப்பினார். தெலுங்குப் பக்கம், கடைசி வரி, மண்டபம். அந்த வரியில் விரல் வைத்தார். நான் பரீட்சை எழுதினவன் மாதிரி நின்றேன்.

பத்திரிகையை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசை இழுப்பறையில் வைத்தார். பிறகு, பிரசாதம் வாங்குகிற மாதிரி கையைக் குழித்து மறுபடியும் நீட்டினார்.

"இன்னொண்ணு இருந்தா போடுங்களேன்."